டாகுமெண்டரிக்காரர்களுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸுக்கு வந்துபோகும் டாகுமெண்டரிக்காரர்களைப் பற்றிக் குறை சொல்லாதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. வருகிறார்கள், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில் ஏறுகிறார்கள், டிரோன் விடுகிறார்கள், போய்விடுகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. நான் அந்தக் கட்சியில் இல்லை. டெலிவிஷன் வந்த பிறகு ஆவணப்படக் கலை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒரே இடத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மாரிகுப்பம் ஸ்டேஷனில் இறங்கினால் போதும் என்பது என் கட்சி. அவர்களுடைய நற்குணங்களை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் அந்தப் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

முதலில் அவர்களுடைய பொறுமை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலையைத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. நடுவில் 120 வருஷம், சுமார் 800 டன் தங்கம். இந்தியாவில் டெலிவிஷன் 1959-இலேயே டெல்லியில் தொடங்கிவிட்டது. ஆக, சுரங்கமும் டெலிவிஷனும் இந்த நாட்டில் சேர்ந்து உயிரோடிருந்த காலம் நாற்பது வருஷத்துக்கும் மேல். அந்த நாற்பது வருஷமும் சங்கு ஊதியது, ஷிஃப்ட் மாறியது, ஆட்களைச் சுமக்கும் கேஜ் இறங்கியது, ஏறியது. ஆளோடு ஆளாகக் கேஜில் இறங்கி, ஒரு முழு ஷிஃப்ட் கூடவே நின்று படம் பிடித்த டிவிக்காரர் யாராவது உண்டா என்று பெரியவர்களைக் கேட்டுப் பார்த்தேன். சிரித்தார்கள். உழைக்கிறவனை வேலை நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நாகரிகத்தை அவர்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கடைசி ஆளும் மேலே வந்து, பம்பு நின்று, உள்ளே தண்ணீர் ஏறி, யாரும் இனி இறங்க முடியாது என்று உறுதியான பிறகே நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "உள்ளே எப்படி இருக்கும்?"

இந்த நாகரிகம் எல்லா தேசத்திலும் கிடையாது. அமெரிக்காவில் 1960-இல் சி.பி.எஸ். டெலிவிஷன் 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' என்றொரு படம் போட்டது. பண்ணை விட்டுப் பண்ணை போய்க் காய்கறி பறிக்கும் கூலிகளைப் பற்றியது. எட்வர்ட் மர்ரோ தொகுத்துச் சொன்னார். போட்ட நாளைப் பாருங்கள்: அவர்களுடைய நன்றிநாள் விருந்துக்கு மறுநாள். வான்கோழியைத் தின்றுவிட்டு ஜனங்கள் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது, உன் இலைக்குச் சோறு வரவழைத்தவன் வீட்டில் என்ன சாப்பாடு என்று காட்டினால் எப்படிச் செரிக்கும்? பார்பரா கோப்பிள் என்ற அம்மாள் அதைவிட மோசம். கென்டக்கி மாநிலம் ஹார்லன் கவுண்டியில் 1973-இல் நிலக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கேமராவோடு போய் அவர்கள் நடுவிலேயே தங்கிவிட்டார். விடிவதற்கு முன்னால் மறியலுக்குப் போகும் பெண்களோடு இவரும் போனார். கம்பெனியின் ஆட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள், அடித்தார்கள்; அம்மாள் கேமராவை நிறுத்தவில்லை. இப்படி ஒருவர் வீட்டுச் சண்டையில் மூக்கை நுழைத்ததற்கு 1977-இல் ஆஸ்கார் விருது வேறு. நம் பக்கத்தில் எத்தனை வேலைநிறுத்தம் நடந்தாலும் அப்படி அநாகரிகமாக யாரும் வந்து தங்கியதில்லை என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

டெலிவிஷனுக்கு முந்தைய காலத்திலும் நமக்கு நல்ல பண்பாடு இருந்தது. 1948-இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் பிறந்தது. எந்தத் தியேட்டரிலும் மெயின் படத்துக்கு முன்னால் அதன் நியூஸ் ரீலோ டாகுமெண்டரியோ ஓடியே ஆக வேண்டும் என்பது அன்றைய சட்டம். அதற்குத் தியேட்டர்காரர் வாடகையும் கட்ட வேண்டியிருந்தது. ஷிஃப்ட் முடித்துக் குளித்துவிட்டு ராபர்ட்சன்பேட்டைக்குப் படம் பார்க்க வந்த சுரங்கத் தொழிலாளி, எங்கோ வடக்கே அணை எழும்புவதையும் மந்திரி ரிப்பன் வெட்டுவதையும் பார்த்து நாடு முன்னேறுவதைத் தெரிந்துகொண்டான். தெரிந்துகொள்ள விரும்பாதவன் வெளியே நின்று பீடி குடித்தான். கட்டாயமாகக் காட்டப்படும் எதையும் மனிதன் விரும்பிப் பார்க்க மாட்டான் என்ற அரிய உண்மையை ஃபிலிம்ஸ் டிவிஷன் பல பத்தாண்டுகள் செலவிட்டு நிரூபித்தது. இந்த ஆராய்ச்சிக்கே தனி விருது கொடுத்திருக்கலாம்; அதற்குப் பதிலாக 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி.யோடு சேர்த்துவிட்டார்கள்.

தூர்தர்ஷனின் பணிவை எவ்வளவு சொன்னாலும் தகும். ஆனந்த் பட்வர்தன் என்பவர் வருஷக்கணக்கில் படம் எடுத்து, இதைக் காட்டுங்கள் என்று கொண்டுபோய்க் கொடுப்பார். அவர்கள் மறுப்பார்கள். அவர் கோர்ட்டுக்குப் போவார். கோர்ட் காட்டு என்று சொன்னதும் காட்டுவார்கள். 'ராம் கே நாம்' 1992-இல் முடிந்த படம், 1997-இல் டிவியில் வந்தது. இன்னொரு படத்துக்குச் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்தது. 2006-இல் தீர்ப்பு வந்தது. நீதிமன்றத்துக்கு இவ்வளவு கீழ்ப்படிந்து நடந்த அலுவலகங்கள் இந்த நாட்டில் எத்தனை இருக்கும்? படம் நல்லதா இல்லையா என்ற கடினமான தீர்மானத்தை நீதிபதிகளிடமே விட்டுவிட்ட அடக்கம் பெரிது. அங்கே வழக்கு நடந்த வருஷங்களில் இங்கே ஆட்குறைப்பு நடந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, சும்மா சொன்னேன்.

இனி கேமராவின் வளர்ச்சிக்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தக் காலத்து 35 எம்.எம். கேமராவைத் தூக்க ஆள் வேண்டும். விளக்கு, வயர், ஒலிப்பதிவு வண்டி என்று ஒரு கல்யாண சீர் கூடவே வரும். அதைச் சுரங்கத்துக்குள் இறக்கு என்று யாரையும் கேட்க முடியாது. டெலிவிஷனுக்கு அன்றாடம் படம் வேண்டியிருந்ததால் கேமரா இளைத்தது. 1960 வாக்கில் அமெரிக்காவில் ராபர்ட் ட்ரூவின் கோஷ்டி தோளில் சுமக்கும் 16 எம்.எம். கேமராவையும் கூடவே ஓடும் டேப் ரிக்கார்டரையும் வைத்துக்கொண்டு தேர்தலில் நிற்கிறவனின் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தது. பிறகு வீடியோ வந்தது. 1990களின் நடுவில் உள்ளங்கைக்குள் அடங்கும் டிஜிட்டல் கேமரா வந்தது. இப்போது சட்டைப் பையில் இருக்கும் போனே கேமரா. ஒவ்வொரு முறை இளைக்கும்போதும் கேமரா மனிதனுக்கு இன்னும் கிட்டே போக முடிந்தது. இன்னும் இருட்டில், இன்னும் இடுக்கில். மைசூர் மைன்ஸில் தாது வெட்டும் ஸ்டோப்புகளுக்குள் மண்டியிட்டுப் போகக்கூடிய அளவுக்குக் கேமரா சிறுத்த வேளையில், சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தப்பு கேமராவின் மேல் இல்லை. 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் புரோட்டான் சிதைவைத் தேடுவதற்காக டாடா ஆராய்ச்சி நிலையத்தார் 1980-இல் 140 டன் எடையுள்ள இரும்புக் கருவி ஒன்றை இங்கே சுரங்கத்துக்குள் நிறுவினார்கள். அது துண்டு துண்டாக இறங்கியபோது கேமராவுக்குக் கேஜில் இடம் போதவில்லை போலும்.

சிறிய கேமரா கைக்கு வந்ததும் எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது. மதுரையில் ஆர்.பி. அமுதன் 2003-இல் 'பீ' என்று ஒரு படம் எடுத்தார். தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்ணுக்குப் பின்னாலேயே கேமராவோடு நடந்தார், அவ்வளவுதான் படம். இசை கிடையாது, வானத்திலிருந்து ஒரு காட்சி கிடையாது. 2017-இல் திவ்யபாரதி 'கக்கூஸ்' எடுத்தார். திரையிடப் போன இடமெல்லாம் தடை, வழக்கு. இப்படிப்பட்ட ஆட்கள் கண்ணில் தங்கவயல் அதிகம் படாமல் போனது நல்லதாயிற்று. பட்டிருந்தால் கேமராவைக் கூலி லைன்களின் பின்பக்கம் திருப்பியிருப்பார்கள். 2011-இலும் அங்கே உலர் கழிப்பிடத்தை மனிதன்தான் அள்ளினான். அந்த வருஷம் குழியில் மூன்று பேர் செத்த பிறகு மனித உரிமைக்காரர்கள் வந்து அறிக்கை எழுதினார்கள். தங்கம் எடுத்த ஊரைப் பற்றிய படத்தில் அதைக் காட்டினால் படத்தின் நிறமே மாறிவிடும். நம் டாகுமெண்டரிகள் அந்தத் தங்க நிறத்தைக் கடைசி வரை காப்பாற்றியிருக்கின்றன.

1995-இல் டிஸ்கவரி சேனல் இந்தியாவுக்கு வந்தது. அதோடு ஒரு குரலும் வந்தது. அந்தக் குரலை உங்களுக்குத் தெரியும். மான் புலியிடம் சிக்கினாலும் அதே குரல், மலை வெடித்தாலும் அதே குரல், மனிதன் வேலை இழந்தாலும் அதே குரல். எங்கள் ஊர்த் தமிழ் கொஞ்சம் ஒருமாதிரி: வடாற்காட்டு இழுப்பு, நடுவில் தெலுங்கு, ஓரத்தில் கன்னடம், மைனிங் இங்கிலீஷ் ஊறுகாய் மாதிரி. டிம்பர்மேன், டிராமர், மக்கிங், ஏர்பிளாஸ்ட் என்று கிழவர் பேசிக்கொண்டே போவார். அதைக் கேட்கிறவன் கஷ்டப்படக் கூடாது என்று, அவர் வாய் அசைந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கம்பீரக் குரல் மேலே ஏறி அவரை மூடிவிடும். அவர் என்ன சொன்னார் என்பது பார்க்கிறவனுக்குத் தெரியாது. நடந்தது முக்கியம் என்பது மட்டும் தெரியும்.

அந்தக் குரல் சொல்லும் செய்திகளில் ஒரு ஒழுங்கு உண்டு. நான் பார்த்த படங்களிலெல்லாம் இதே வரிசைதான்: இது ஒரு காலத்தில் 'லிட்டில் இங்கிலாந்து', இங்கே கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்தன, சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல், பெங்களூருக்கும் முன்னால், இங்கே மின்சாரம் வந்தது. மூன்றுமே கேட்கப் பெருமையாக இருக்கும். சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்த மின்சாரம் பங்களாவுக்கு எப்போது வந்தது, மூங்கில் தட்டி வேய்ந்த கூலி லைனுக்கு எப்போது வந்தது என்று கேட்டுக் கதையின் ஓட்டத்தைக் கெடுக்க மாட்டார்கள். கைரேகை வைக்க மாட்டோம் என்று 1930-இல் ஊரே வேலையை நிறுத்தியதையும், 1946 நவம்பரில் போலீஸ் சுட்டதையும் விட்டுவிடுவார்கள். அயோத்திதாசரின் பௌத்தம் மாரிகுப்பத்தில் வேர் பிடித்ததையும், அவர் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகையை அவர் மறைவுக்குப் பின் 1926-இல் அப்பாதுரையார் இங்கிருந்து மறுபடி கொண்டுவந்ததையும், சித்தார்த்த புத்தகசாலை இங்கே புத்தகம் அச்சுப்போட்டதையும் விட்டுவிடுவார்கள். பாறைக்குள் போனவன் படித்தான், எழுதினான், புத்தகம் போட்டான் என்றால் பார்க்கிறவனுக்கு அவன்மேல் இரக்கம் குறைந்துவிடும். இரக்கத்தில் கலப்படம் வரக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

இருமலை மட்டும் விடமாட்டார்கள். அதற்காகவே அவர்களைக் கும்பிடலாம். வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் இருமுவார். கேமரா மெதுவாக நகரும். இருமல் தேய்ந்து வீணையிலோ புல்லாங்குழலிலோ கலந்துவிடும். 1940களில் இந்தச் சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நுரையீரலில் சிலிக்கோசிஸ் இருந்தது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றி எழுந்த ஆரம்பகால ஆய்வுகளில் அது ஒன்று. டாக்டர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பாறைத்தூள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொள்ளும் அந்த நோயின் பெயரைச் சொன்னால், நஷ்டஈடு யார் தர வேண்டும், எத்தனை பேருக்குத் தந்தார்கள் என்று பேச்சு நீளும். பெயர் சொல்லாமல் விட்டால் அது வெறும் ஓசை. நல்ல ஓசை. சவுண்ட் டிசைனுக்குப் பரிசு வாங்கித் தரும்.

2018 டிசம்பரில் 'கே.ஜி.எஃப்.' சினிமா வந்தது, 2022 ஏப்ரலில் அதன் இரண்டாம் பாகம். பிரசாந்த் நீல் எடுத்தது முழுக்கக் கற்பனை. நராச்சி என்ற சுரங்கமும் ராக்கி என்ற ஆளும் எந்த ரெக்கார்டிலும் கிடையாது. அந்தப் படத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அது தன்னை உண்மை என்று சொல்லிக்கொண்டதில்லை. பாராட்டு அதற்குப் பின்னால் வந்த 'உண்மைக் கதை'களுக்குத்தான். சினிமாவில் கண்ட சயனைடு மேடு நிஜத்தில் எங்கே என்று தேடி வந்தார்கள். கண்டுபிடித்தார்கள். சினிமாவில் பார்த்த கோணத்திலேயே எடுத்தார்கள். சினிமா டாகுமெண்டரியைப் பார்த்துக் கற்றுக்கொண்ட காலம் போய், டாகுமெண்டரி சினிமாவைப் பார்த்து எழுதும் காலம் வந்திருப்பது வளர்ச்சி அல்லாமல் வேறென்ன? "நிஜ ராக்கி யாரு தாத்தா?" என்று கேட்கும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் என்ன பதில் சொல்வார்கள், பாவம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வேலை செய்தவருக்குத் தன் செக்‌ஷன் மேஸ்திரி பெயர் தெரியும், பாறை வெடித்துச் சிதறும் ஏர்பிளாஸ்டில் போன கூட்டாளி பெயர் தெரியும். ராக்கியைத் தெரியாது.

டிரோனைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் ஆட்கள் கீழே போனது மூன்று கிலோமீட்டர். சட்டப்படி டிரோன் மேலே போவது நூற்றிருபது மீட்டர். கேமரா தரையைத் தொட்டதும் சேறு, முள், மாட்டுச் சாணம், சர்க்கார் ஆபீஸ் என்று எல்லாம் குறுக்கே வரும். மேலே போனால் மேடுகள் ராஜஸ்தான் மணல்போல் வெள்ளையாக, சுத்தமாகத் தெரியும். காற்று மாதங்களில் அந்தத் தூள் வீட்டுச் சட்டிக்குள் விழுவது அவ்வளவு உயரத்திலிருந்து தெரியாது. பறவைப் பார்வை என்று சும்மாவா சொல்கிறார்கள்? பறவைக்குச் சுரங்கத்தை மூடியபோது தருவதாகச் சொன்ன எஸ்.டி.பி.பி. பணத்தின் பாக்கி என்ன தெரியும், குவார்ட்டர்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்று என்ன தெரியும்!

இத்தனை படம் எடுத்ததில் ஊருக்கு லாபம் இல்லை என்று சொல்கிறவர்கள் நன்றி கெட்டவர்கள். ஒரு புதுத் தொழில் பிறந்திருக்கிறது. எங்கள் தெருவில் ரிட்டையர்டு மைனர் ஒருவர் இருக்கிறார். பேட்டி கொடுத்துக் கொடுத்துக் கை தேர்ந்தவர். கார் வந்து நின்றதும் பழைய ஹெல்மெட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு வருவார். "தம்பி, மேட்டு மேல நிக்கணுமா, ஷாஃப்டாண்ட நிக்கணுமா?" என்று கேட்பார். டைரக்டர் தம்பி மரியாதையாக, "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி நடங்க தாத்தா, நாங்க இருக்கறதே தெரியாத மாதிரி" என்பான். அவர் நடப்பார். "தாத்தா, இன்னொரு தடவை, கொஞ்சம் ஸ்லோவா." மறுபடியும் நடப்பார். முடிந்ததும் கேட்பார்: "கண்ணு கலங்கறது இப்பவே வேணுமா, டீ குடிச்சப்புறமா?" அந்தத் தம்பி ஒரு கணம் திகைத்துவிட்டு, "டீ குடிச்சப்புறமே வச்சுக்கலாம் தாத்தா, அப்போ லைட் நல்லா இருக்கும்" என்றான். தொழில் தெரிந்த இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்பதே ஒரு சுகம்.

டாகுமெண்டரிக்காரர்கள் காட்டாத ஒன்றே ஒன்றுக்கு நான் அவர்கள் சார்பில் சமாதானம் சொல்ல வேண்டும். மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை பெங்களூர் போகும் ரயில். சுரங்கம் மூடிய பிறகு ஊரின் பிழைப்பு அதில்தான் போகிறது, அதில்தான் திரும்புகிறது. கட்டடக் கூலி, செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி ஆயா, கம்ப்யூட்டர் கம்பெனி என்று ஆயிரக்கணக்கான பேர் இருட்டில் ஏறி இருட்டில் இறங்குகிறார்கள். சுரங்கத்துக்குப் பிறகு என்ன ஆனது என்ற கேள்விக்குப் பதில் அந்தப் பெட்டிகளில் நின்றுகொண்டே தூங்குகிறது. அதை எடுக்காதது அலட்சியத்தால் அல்ல. அந்த ஜனங்கள் பெங்களூர் போய்ச் சேர்கிற நேரத்தில்தான் படக்குழு பெங்களூரிலிருந்து காரில் புறப்படுகிறது. வழியில் பங்காரப்பேட்டையில் டிபன். எதிரெதிர் திசை. யார் என்ன செய்ய முடியும்?

இப்போது சயனைடு மேடுகளை ஏலம் விடும் பேச்சு நடக்கிறது. பதின்மூன்று மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல் கழிவு மண், அதில் இன்னும் தங்கம் இருக்கிறது என்கிறார்கள். 2024-இல் கர்நாடக அமைச்சரவையும் சம்மதம் கொடுத்தது. தூள் எங்கே பறக்கும், வேலை யாருக்குக் கிடைக்கும், வெளியூர் மெஷினுக்கா உள்ளூர் ஆளுக்கா என்று ஊரில் விவாதம் இருக்கிறது. இந்த விவாதத்தில் கேமராக்கள் இதுவரை தலையிடவில்லை, பழைய பொறுமைதான். ஆனால் ஒரு விஷயம் அவர்கள் காதில் விழுந்ததா தெரியவில்லை. மேட்டை எடுத்துவிட்டால் தரை மட்டமாகிவிடும். ஷாட் போய்விடும். இந்தச் செய்தி பெங்களூர், சென்னை எடிட்டிங் ரூம்களுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், தங்கவயலில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு நல்ல போராட்டம் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். டிரோனோடு முன்வரிசையில் நிற்பார்கள். எங்கள் தெருப் பெரியவரும் ஹெல்மெட்டைத் துடைத்து வைத்துவிட்டார். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று யாராவது வந்து சொல்ல வேண்டியதுதான் பாக்கி.